வாசகர் கேள்வி – பதில்: மன்னாரில் ஓர் இரவு

இலங்கையின் வடமேற்கு மூலையில், இந்தியக் கடல் எல்லையை ஒட்டிக் கிடக்கும் மன்னார் மாவட்டத்துக்கு வருகிற பயணிகள் பெரும்பாலும் வந்த அன்றே திரும்பிவிடுகிறார்கள் என்றும், அவர்களை ஓர் இரவாவது அங்கே தங்கச் செய்வதற்கு வழி தேட வேண்டும் என்றும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி நான் எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கண்டி, எல்ல, காலி, அறுகம்பை என்று இத்தனை இடங்கள் இருக்க, மன்னாரில் பார்ப்பதற்கு அப்படி என்னதான் இருக்கிறது? வருடத்தில் ஒருமுறை கிடைக்கும் இரண்டு நாள் விடுமுறையைப் பிள்ளைகளோடு அங்கே செலவிடலாமா?
– வங்கி ஊழியர் ஒருவர், கொழும்பு

எல்ல மலையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் மன்னார் உங்களுக்கு ஏமாற்றத்தையே தரும். அங்கே மலை இல்லை, அருவி இல்லை, தேயிலைத் தோட்டத்தின் பசுமையும் இல்லை. தட்டையான நிலம், பனங்கூடல், உடைமுட்பற்றை, உப்புப் படிந்த சேற்றுவெளி, இவற்றின் மேல் எங்கும் மறைவில்லாத வானம் என்பதுதான் அந்த ஊரின் தோற்றம். அதைப் பார்க்கக் கண் பழக வேண்டும். பழகுவதற்கு ஒரு விடியற்காலை போதும்.

பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் தாம்போதி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமானது. ஒரு ஜனவரி மாதத்தில், இருள் பிரியாத வேளையில் அங்கே வாகனத்தை நிறுத்திவிட்டு நின்றேன். முதலில் கேட்டது ஒலிதான். சேற்றுக்குள் நூற்றுக்கணக்கான அலகுகள் துழாவும் அந்த ஓசை, அடுப்பில் உலைநீர் கொதிக்கத் தொடங்கும்போது எழும் ஓசையைப் போன்றிருந்தது. மெல்ல வெளுத்தபோது, தொலைவில் நுரைக்கோடு என்று நான் எண்ணியிருந்தது அசைந்தது. கழுத்தைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்த பூநாரைக் கூட்டம் அது. அவற்றுக்கு இப்பால் ஊசிவால் வாத்துகள் தரையே தெரியாதபடி மிதந்துகொண்டிருந்தன. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கும் வடக்கிலிருந்தும் இந்தியாவின் நீளம் முழுவதையும் கடந்து வரும் பறவைகளுக்கு இலங்கையின் வாசலாக இருப்பது இந்த இடமே. வங்காலைச் சரணாலயம் என 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் எனப்படும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட இப்பரப்பு 4,839 ஹெக்டேயர் கொண்டது.

தாம்போதி முடியும் இடத்தில் மன்னார்க் கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் 1560இல் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். நகரத்தை அடுத்த பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் இருக்கிறது. அரபு வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டது என்று ஊரார் சொல்லும் அந்த மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீட்டர். உயரமோ அதன் பாதிகூட இல்லை. பிள்ளைகள் கைகோத்து அதைச் சுற்றிவர முயல்வதைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி. தொட்டுப் பார்த்தால் மரப்பட்டை போல இராது. முதிய யானையின் தோலைப் போல மடிப்பு மடிப்பாக, சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும்.

பெருநிலத்தின் தெற்கே அரிப்புக் கடற்கரையில், முதலாவது பிரித்தானிய ஆளுநரான பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகையின் சுவர்கள் கடலரிப்பில் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருக்கின்றன. அல்லிராணிக் கோட்டை என்ற பெயரைச் சொல்லித்தான் ஊரார் அந்த இடத்துக்கு வழிகாட்டுவார்கள். அதே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான், கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்தார். பாடசாலைப் புத்தகத்தில் படித்த பெயர் ஒன்று, ஓர் இடிந்த சுவரின் அருகே நிற்கும்போது பிள்ளைகளுக்கு உயிர்பெறுவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே, போகலாம். ஆனால் இரண்டு நாளையும் அங்கேயே செலவிடுங்கள். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவருக்கு விடியலும் கிடைக்காது, அந்தியும் கிடைக்காது, நடுப்பகல் வெயில் மட்டுமே மிஞ்சும்.

கேள்வி: தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்று கடலைப் பார்த்தபோது, எதிரே இலங்கை இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் பக்கம் தினமும் இவ்வளவு கூட்டம் வரும்போது, எதிர்க்கரைக்கு ஏன் யாரும் போவதில்லை? இராமேசுவரத்திலிருந்து அங்கே செல்ல வழி இருக்கிறதா?
– வாசகர் ஒருவர், திருச்சிராப்பள்ளி

நீங்கள் நின்ற இடத்திலிருந்து, மன்னார்த் தீவின் முனையிலுள்ள தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் அது தினசரிப் பயணம். 1914இல் தொடங்கிய போட் மெயில் சேவையில், சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் கடலைக் கடந்து, தலைமன்னார்த் துறையில் காத்திருக்கும் புகையிரதத்தில் ஏறிக் கொழும்புக்குப் போனார். மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களும், சரக்கோடு வந்த வணிகர்களும், வட இந்தியத் தலங்களை நோக்கிப் புறப்பட்ட யாத்திரிகர்களும் மிதித்த மண் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலும் 1980களில் போர்ச் சூழலால் நின்றுபோனது. 1990இல் மன்னாருக்கான புகையிரதமும் நின்றது. எல்லைக் கோட்டினால் மட்டும் ஓர் ஊர் மறக்கப்படுவதில்லை. அதைக் கடக்கும் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபடும்போதுதான் மறதி வந்து சேர்கிறது.

உங்கள் பக்கத்தில் அரிச்சல்முனை வரை சாலை போடப்பட்டு 2017இல் திறக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் மன்னார்த் தீவுக்கான புதிய பாலம் 2010இலும், தலைமன்னார்த் துறை வரையிலான புகையிரதப் பாதை இந்தியாவின் உதவியோடு 2015 மார்ச்சிலும் திறக்கப்பட்டன. அப்படியானால் இரு கரையிலும் வசதி வந்துவிட்டது. ஆனால் ஒன்றில் கூட்டம் நிறைகிறது, மற்றதில் காற்று மட்டும் வீசுகிறது. காரணம் எளிது. இராமேசுவரத்துக்குக் கோயிலை நாடி எப்படியும் இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அவர்களுக்கு அரிச்சல்முனை அரை நாள் நீட்சி. தலைமன்னாருக்கு வருகிறவர் அநுராதபுரத்தைத் தாண்டி மதவாச்சியிலிருந்து மேலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் அதற்கென்றே வர வேண்டும்.

இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே மீண்டும் கப்பல் விடுவதைப் பற்றி இரு நாடுகளும் பேசிவருகின்றன. இதை எழுதும்போது அது ஓடவில்லை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. அதில் வருகிறவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாகக் கரையோரச் சாலையில் மன்னாரை அடையலாம். அந்தச் சாலையின் தனிமை அழகானது. வழியில் கடை குறைவு என்பதால் தண்ணீரும் உணவும் கையில் இருக்கட்டும்.

சைவ சமயத்தவராக இருந்தால், மன்னாரில் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. கப்பல்கள் மலிந்த கடலையுடைய மாதோட்டம் என்று சுந்தரர் பாடியது வெறும் அணியன்று; பண்டைய கடல் வணிகத்தின் பெருந்துறைகளுள் ஒன்றாக மாதோட்டம் இருந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த கோயிலை மீட்கும்படி 1872இல் குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். பாலாவித் தீர்த்தக் கரையில் மாலை வேளையில் சற்று உட்கார்ந்திருங்கள். தேவாரத்தை ஏட்டில் மட்டும் படித்தவருக்கு, அந்தக் கரையின் காற்று தனியாக ஏதோ சொல்லும்.

கேள்வி: நான் கடற்றொழில் செய்யும் குடும்பத்தவள். விடுமுறை நாட்களில் எங்கள் கரைக்கு வாகனங்கள் வருகின்றன. படம் எடுக்கிறார்கள், கொண்டுவந்த பார்சல் சோற்றைச் சாப்பிடுகிறார்கள், போத்தல்களையும் பொலித்தீனையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். சுற்றுலாவை வளர்க்க வேண்டும் என்று எழுதுகிறீர்கள். வளர்ந்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும்? ஹோட்டல் கட்டுகிறவருக்குத்தானே?
– வாசகி, பேசாலை

அம்மா, இம்முறை வந்த கடிதங்களில் நான் பலமுறை திரும்பப் படித்தது உங்களுடையதைத்தான். நீங்கள் கேட்பதற்குச் சரியான பதில் இல்லாமல், சுற்றுலா வளர்ச்சி என்று பேசுவதற்கே எவருக்கும் உரிமையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலிருந்து நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவோடு நானும் மன்னாருக்கு வந்தேன். ஏற்பாட்டாளர்கள் மதியச் சாப்பாட்டை வழியிலேயே பார்சல் கட்டி எடுத்துவந்தார்கள். தண்ணீர்ப் போத்தல்களும் கொழும்பிலேயே ஏற்றப்பட்டன. கோயில், கோட்டை, பெருக்கமரம், தலைமன்னார்த் துறை என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, இரவுத் தங்கலுக்கு அநுராதபுரம் போய்விட்டோம். அன்று முழுவதும் அந்த நாற்பது பேர் மன்னார் மாவட்டத்தில் செலவழித்தது கோயில் வாசலில் வாங்கிய கற்பூரமும், ஒரு கடையில் குடித்த தேநீரும்தான். குப்பையை மட்டும் உங்கள் ஊர் தாங்கிக்கொண்டது. இந்த முறையிலான வருகை பத்து மடங்கு பெருகினாலும் உங்களுக்குப் பத்து மடங்கு குப்பையே மிஞ்சும்.

அதனால்தான் ஓர் இரவு, ஓர் இரவு என்று திரும்பத் திரும்ப எழுதுகிறேன். ஒரு குடும்பம் இரவில் தங்கினால் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு நண்டு வேண்டும். மன்னாரில் பிடிபடும் நல்ல நண்டு கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய், அங்கே பல மடங்கு விலையில் தட்டில் வைக்கப்படுகிறது. அதே நண்டை உங்கள் அடுப்பில் முருங்கையிலை போட்டுச் சமைத்துக் கொடுத்தால், இடையில் இருக்கும் அத்தனை கைகளின் இலாபமும் உங்கள் வீட்டிலேயே நிற்கும். விடிந்ததும் பறவை பார்க்கப் போக ஆட்டோ வேண்டும். காலையில் புட்டு வேண்டும். கரைவலை இழுப்பதைப் பார்க்க ஆசைப்படுவார்கள். போகும்போது கருவாடும் பனங்கட்டியும் பனையோலைப் பெட்டியும் வாங்குவார்கள். ஒரு வீட்டில் தங்கிய நால்வரால் ஐந்தாறு வீடுகளுக்கு அன்றைய வருமானம் கிடைக்கிறது. இதற்குக் கண்ணாடி மாளிகை எதுவும் தேவையில்லை.

வீடுகளில் விருந்தினரைத் தங்கவைப்பதற்கு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இருக்கிறது. காற்றோட்டமான ஓர் அறை, சுத்தமான கழிப்பறை, நுளம்புவலை, பூட்டக்கூடிய கதவு ஆகியவை முதலில் வேண்டும். நான் தனியாகச் செய்யும்படி சொல்லமாட்டேன். ஊரிலுள்ள மாதர் சங்கத்தின் பெயரில் ஐந்தாறு வீடுகள் சேர்ந்து, விருந்தினரை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டு, அறைக் கட்டணத்தையும் சாப்பாட்டு விலையையும் ஒன்றாகத் தீர்மானித்தால், வெளியிலிருந்து வரும் தரகர் ஒரு வீட்டை மற்ற வீட்டோடு மோதவிட்டு விலையைக் குறைக்க முடியாது. ஒரு வீட்டில் நோய், துக்கம் என்றால் அடுத்த வீடு பொறுப்பேற்கும்.

கரையைப் பற்றிய உங்கள் மனக்குறைக்கும் ஒரு வார்த்தை. கரைவலை இழுக்கும் இடமும், வாடியும், கருவாடு காயப்போடும் மணலும் உங்கள் தொழிலிடங்கள். அவை காட்சிப்பொருளாக வைக்கப்பட்டவை அல்ல. எந்தப் பகுதிக்குப் பயணிகள் வரலாம், எந்தப் பகுதிக்கு வரக்கூடாது, எவரை எப்போது படம் எடுக்கலாம் என்பதைக் கடற்றொழிலாளர் சங்கம் கூடித் தீர்மானித்து ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். வருகிறவர்களில் பெரும்பாலோர் மதிப்பார்கள். குப்பையைப் பிரதேச சபை அகற்ற வேண்டும் என்றால், வாகனத் தரிப்புக் கட்டணத்தின் ஒரு பங்கு அந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். இதைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: பயணத்துக்கு ஏற்ற மாதம் எது?
– கல்லூரி மாணவர், மட்டக்களப்பு

பறவைகளுக்காகப் போகிறவர் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை போகலாம். அக்டோபரிலேயே பறவைகள் வரத் தொடங்கினாலும், நவம்பரிலும் டிசம்பரிலும் மழை குறுக்கிடும். மே முதல் செப்டம்பர் வரை சோழகம் எனப்படும் தென்மேற்குக் காற்று ஓயாமல் வீசும். பட்டத்தை இழுத்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் விளையாட்டுக்காரர்கள் விரும்பி வரும் காலம் அது. ஆகஸ்ட் 15 மடுமாதா திருவிழாவையொட்டி இலட்சக்கணக்கான யாத்திரிகர்கள் வருவதால், அந்நாட்களில் தங்குமிடம் கிடைப்பது கடினம். புகையிரதத்தில் போவதானால், அன்றைய நிலையில் சேவை தலைமன்னார் வரை நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: ஆள் நடமாட்டம் குறைவு என்பதால்தானே மன்னாரில் பறவைகள் இருக்கின்றன? சுற்றுலா வளர்ந்தால் அவையும் போய்விடாதா? ஏற்கெனவே காற்றாலைகள் வந்துவிட்டன. நீங்கள் எழுதுவதே அந்த இடத்துக்குக் கேடாக முடியாதா?
– மருத்துவ பீட மாணவி, யாழ்ப்பாணம்

இந்த அச்சம் எனக்கும் உண்டு. எழுத உட்காரும்போதெல்லாம் அதுவும் உடன் வந்து உட்காருகிறது.

கேடு எப்படி நேர்கிறது என்று முதலில் பார்ப்போம். சேற்றுவெளி மேலே காய்ந்து உறுதியானது போலத் தோன்றும்; பெரிய வாகனத்தை இறக்கினால் மேற்பரப்பு உடைந்து, சக்கரத் தடம் அடுத்த மழை வரை ஆறாத காயமாகக் கிடக்கும். சிறு பறவைகள் உண்ணும் புழுவும் நத்தையும் வாழ்வது அந்த மேற்படலத்தில்தான். வானில் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டுப் பூநாரைகளைக் கலைத்துப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, திரும்பிப் போவதற்கான கொழுப்பைச் சேமிப்பது இந்தச் சில மாதங்களில்தான். ஒவ்வொரு முறை கலைக்கப்படும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது.

இன்னும் கவனம் வேண்டியது, தலைமன்னாருக்கு அப்பால் இந்திய எல்லை வரை சிதறிக் கிடக்கும் மணல் தீடைகள். இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் அழைக்கப்படும் அவற்றின் இலங்கைப் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் கூட்டமாக முட்டையிடும் இடம் அது. கூடு கட்டுவதில்லை, வெறும் மணலில் சிறு குழியில் முட்டை கிடக்கும், மணலுக்கும் அதற்கும் நிற வேறுபாடே தெரியாது. ஒருவர் தெரியாமல் மிதிக்கலாம். மிதிக்காவிட்டாலும், ஆள் நின்றால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அந்த வெயிலில் சிறிது நேரத்திலேயே முட்டை வெந்துபோகும். ஆகவே முட்டையிடும் காலத்தில் அத்தீடைகளுக்குப் படகு விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தீடையைக் காணப் பல நாட்டவரும் ஆசைப்படுவார்கள் என்று திட்டமிடுகிறவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற மாதங்களில், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடும் கடற்படைக்கு அறிவித்தும், குறைந்த எண்ணிக்கையில், உள்ளூர்ப் படகோட்டிகளைக் கொண்டு அழைத்துப்போகலாம்.

காற்றாலை விடயத்தில், தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட மின்னிலையத்தில் 30 காற்றாடிகள் இருக்கின்றன. மேலும் பெரிய திட்டமொன்றை முன்வைத்த இந்திய நிறுவனம் 2025இல் அதிலிருந்து விலகிக்கொண்டது; அதே ஆண்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். மின்சாரம் தேவையில்லை என்று எவரும் சொல்லவில்லை. பறவைகள் நாட்டுக்குள் நுழையும் வாசலிலேயே, ஒடுங்கிய ஒரு தீவிலேயே, அதைச் செய்ய வேண்டுமா என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்தக் கேள்வியை நானும் அவர்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

ஆனால் யாரும் வராத இடம் பாதுகாப்பான இடம் என்பதை நான் ஏற்க மாட்டேன். யாரும் பாராத சதுப்பு நிலத்துக்கு ஆட்சியாளரின் கோப்பில் ‘வெற்று நிலம்’ என்று பெயர். ஒரு சிறுவனுக்குத் தன் ஊரின் பூநாரையைக் காட்டிக் கூலி வாங்கும் வேலை இருந்தால், அந்த நிலத்தை நிரப்ப லொறியில் மண் வரும் நாளில் முதலில் குறுக்கே நிற்கப்போகிறவன் அவன்தான்.

கேள்வி: என் பெற்றோர் மன்னார்த் தீவில் பிறந்தவர்கள். 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்டோம். நான் அப்போது கைக்குழந்தை. மன்னாரின் சுற்றுலாக் கையேடுகளில் கோயிலும் தேவாலயமும் கோட்டையும் இருக்கின்றன. எங்கள் ஊர்கள் இருப்பதில்லை. இதைப் பற்றி நீங்கள் எழுதுவீர்களா?
– வாசகர், புத்தளம்

எழுதுகிறேன் ஐயா. சென்ற இதழில் நான் எழுதியதிலும் உங்கள் ஊர்கள் இல்லை. அந்தக் குறையை நீங்கள் கூறாமலே கூறியிருக்கிறீர்கள்.

வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதையும், எருக்கலம்பிட்டி உட்பட மன்னார்த் தீவின் ஊர்கள் ஒரு சில நாட்களில் வெறுமையானதையும், கடல் வழியாகக் கற்பிட்டிக்கும் அங்கிருந்து புத்தளத்து முகாம்களுக்கும் மக்கள் போய்ச் சேர்ந்ததையும் தெரியாமல் ஒருவர் மன்னாரைப் பார்த்துவிட்டு வந்தால், அவர் பார்த்தது பாதி மன்னார்தான். பெருக்கமரத்தைக் காட்டி, வீதியில் திரியும் கழுதைகளைக் காட்டி, இவை அரபு வணிகரோடு வந்தவை என்று சொல்லும் வழிகாட்டி, அந்தக் கடல் வணிகத்தோடு பின்னிய மக்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள் என்பதையும், இடையில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம் ஆகிய மூன்று சமூகத்து இளைஞரும் ஒரே வகுப்பில் இருந்து, ஒருவர் ஊர்க் கதையை மற்றவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். 1670இல் ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு அஞ்சி மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தோடு காட்டுக்குள் ஓடிய கத்தோலிக்கரின் கதையும், இடிக்கப்பட்ட கேதீச்சரத்தின் கதையும், உங்கள் கதையும் அடுத்தடுத்துச் சொல்லப்படும்போது, கேட்கிறவருக்கு அந்த மண்ணின் துயரம் ஒரு தரப்பாருக்கு மட்டும் உரியதாகத் தோன்றாது.

உங்கள் பெற்றோர் இருந்தால், அவர்கள் நினைவிலுள்ள தெருக்களையும் கிணறுகளையும் கடைகளையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதை இந்தப் பக்கத்தில் வெளியிட ஆசைப்படுகிறேன்.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளாக இங்கே தொழில் செய்கிறேன். பிறந்த மாவட்டத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும். கடற்கரையில் ஐம்பது அறைகளோடு ஒரு ரிசோட் கட்டினால் மன்னார் வளராதா?
– வாசகர், டொரன்டோ

உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் ஐம்பது அறைகள் வேண்டாம். தீவின் நன்னீர் மணலுக்கடியில், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பது. ஐம்பது அறைக்கும் ஒரு நீச்சல் குளத்துக்கும் தேவையான நீரை ஒரே இடத்தில் இறைத்தால், சுற்றியுள்ள கிணறுகளில் உப்பேறும்; ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் மீளாது. மேலும் பெரிய விடுதி தன் விருந்தினரைத் தன் மதிலுக்குள்ளேயே வைத்திருக்கப் பார்க்கும். பேசாலை அம்மாவின் நண்டு அந்த மதிலைத் தாண்டாது.

அதே பணத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய ஓட்டு வீடுகள் சிலவற்றை ஊரிலேயே வாடகைக்கு எடுத்துத் திருத்தலாம். மழைநீர்த் தொட்டி கட்டலாம். இருபது இளைஞருக்குப் பறவைகளின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லப் பயிற்சியும், ஆளுக்கொரு நல்ல இருகண் நோக்கியும் கொடுக்கலாம். அரிப்பு மாளிகையின் எஞ்சிய சுவர்களைக் கடல் கொண்டுபோகுமுன் தொல்லியல் திணைக்களத்தோடு பேசி அளந்து வரைபடமாவது எடுத்துவைக்க உதவலாம்.

இன்னும் சிறிதாகத் தொடங்க விரும்பினால் ஓர் இடம் சொல்கிறேன். கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வருகிறவர்கள், ஊர் விழிக்குமுன் தலைமன்னார்த் துறையில் இறங்குகிறார்கள். நான் இறங்கிய அன்று நிலையத்துக்கு வெளியே இருட்டு. ஒரு தேநீர்க் கடை திறந்திருக்கவில்லை, முகம் கழுவ இடமில்லை, எந்தப் பக்கம் போனால் கலங்கரை விளக்கம், எந்தப் பக்கம் பழைய துறை என்று சொல்ல ஒரு பலகையுமில்லை. என்னோடு இறங்கிய பிரெஞ்சுக்காரக் கணவன் மனைவி இருவரும் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, முதல் பஸ்ஸில் மன்னார் நகரத்துக்குப் போனார்கள்; அன்று மாலையே அநுராதபுரம் போவதாகச் சொன்னார்கள். அந்த வாசலில், அந்த ஊர்ப் பெண்கள் இருவர் நடத்தும் ஒரு கடை, விடியற்காலை நான்கு மணிக்கு விளக்கேற்றிச் சூடான தேநீரும் அப்பமும் வைத்திருக்கட்டும். சுவரில் ஊரின் வரைபடம் ஒன்றும், தங்குவதற்கு ஆயத்தமான வீடுகளின் தொலைபேசி எண்களும் இருக்கட்டும். அதற்கு எவ்வளவு செலவாகும் என்று உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்தோடு பேசிக் கணக்குப் பார்த்து, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.